விழுங்கிய மாத்திரை ஆற்றைச் சேரும் வழி

மருந்தகத்துக்கு வருபவர்கள் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் உடலைப் பற்றிய கேள்விகளே. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, தூக்கம் வருமா, வேறு மருந்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மீந்துபோன மாத்திரைகளை என்ன செய்வது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அவர்களிலும் பலர் அவற்றைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்ட பிறகுதான் கேட்கிறார்கள். மருந்து வழங்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தப் பேச்சை மருந்தாளுநர்களாகிய நாங்களே முதலில் எடுக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். ஒரு மருந்தின் நன்மை தீமைகளைக் கணக்கிடும்போது அது கடைசியில் போய்ச் சேரும் நீரையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

உட்கொள்ளும் மருந்து முழுவதும் உடலுக்குள்ளேயே சிதைந்து தீர்ந்துவிடுவதில்லை. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் வேதி மாற்றம் ஏதும் அடையாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆன்டிபயாடிக் மருந்தான அமாக்சிசிலினில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு சில மணி நேரத்திலேயே மாறாமல் வெளிவந்துவிடும். வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் உடலில் பெருமளவு சிதைந்தாலும், எஞ்சி வரும் சிறு பங்கு வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை பெரும்பாலும் அளவு குறையாமலே கடந்து போகிறது. அந்நிலையங்கள் கரிமக் கழிவையும் நோய்க்கிருமிகளையும் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. வயிற்று அமிலத்துக்கும் கல்லீரல் நொதிகளுக்கும் தாக்குப்பிடிக்கும்படி உருவாக்கப்பட்ட மூலக்கூறுகள் பலவற்றை அங்குள்ள நுண்ணுயிர்களாலும் எளிதில் சிதைக்க முடிவதில்லை.

2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் பரப்பைக் காட்டியது. 104 நாடுகளில், 258 ஆறுகளில், 1,052 இடங்களில் நீர் எடுத்து, 61 மருந்துப் பொருள்களைத் தேடினார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடங்களில், நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பானது என்று கருதப்படும் அளவை ஏதாவது ஒரு மருந்தேனும் தாண்டியிருந்தது. மருந்தின் சுவடே தென்படாத இடங்களில் ஒன்று, நவீன மருந்தைப் பயன்படுத்தாத வெனிசுலாவின் பழங்குடி ஊர் ஒன்றை ஒட்டிய நீர்நிலை.

இதைக் கேட்டுக் குடிநீரை அஞ்ச வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பு 2012இல் இதை ஆராய்ந்தபோது, குடிநீரில் காணப்படும் மருந்தின் அளவு, மருத்துவத்தில் தரப்படும் மிகக் குறைந்த அளவைவிடப் பொதுவாக ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு என்றும், அதனால் மனித உடலுக்கு நேரடித் தீங்கு நேர வாய்ப்பு மிகக் குறைவு என்றும் கூறியது. என் கவலை, அந்த நீரிலேயே பிறந்து அதிலேயே வாழும் உயிர்களையும், அவற்றின் வழியாகச் சுற்றிவந்து நம்மை அடையும் விளைவுகளையும் பற்றியது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோனான எத்தினைல் எஸ்ட்ராடையாலை 2001 முதல் 2003 வரை கோடை தோறும் கலந்தார்கள். கலந்தது லிட்டருக்கு 5, 6 நானோகிராம் மட்டுமே. சில நகரங்களின் கழிவுநீரில் காணப்படும் அளவுதான் அது. ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்குரிய புரதம் சுரக்கத் தொடங்கியது. சில ஆண் மீன்களின் விந்தகத்தில் முட்டை அணுக்களே தோன்றின. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனினம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. மருந்து கலப்பது நின்றபின் அந்த இனம் சில ஆண்டுகளில் மீண்டது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பாறு கழுகுகளுக்கு அந்த நல்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. 1990களில் இந்தியத் துணைக்கண்டத்தில் அவை கூட்டம் கூட்டமாக மடிந்தபோது முதலில் நோய்த்தொற்று என்றே பலரும் ஐயுற்றனர். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் படலமாகப் படிந்திருந்தது. 2004இல் காரணம் தெரிந்தது: கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக், சடலத்தில் தங்கி, அதைத் தின்ற பறவையைக் கொன்றது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இத்தனை பேரழிவுக்குப் போதுமானது என்று கணக்கிட்டார்கள். வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோயின.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் 2006இல் இந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தன. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்றாக மெலாக்சிகாம் சோதித்து உறுதி செய்யப்பட்டது. ஆனாலும் மனிதருக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல் இந்திய அரசு மனிதருக்கான குப்பியை 3 மில்லிலிட்டராகச் சுருக்கியதற்குக் காரணம் இதுவே. குப்பியின் அளவு என்ற சிறு செய்தியில் ஒரு பறவையினத்தின் வாழ்வு அடங்கியிருந்தது என்பதை என் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக்குகளைப் பொறுத்தவரை விளைவு நேராக மனிதரையே வந்தடைகிறது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவை ஏற்கும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருப்பதில்லை. பாக்டீரியாவைக் கொல்லத் தேவையானதைவிடப் பல நூறு மடங்கு குறைந்த செறிவிலும், அந்த மருந்துக்கு எதிர்ப்பாற்றல் கொண்ட பாக்டீரியா வகைகள் முந்திப் பெருகும் என்று 2011இல் சோதனைச்சாலை ஆய்வுகள் காட்டின. எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியாக்களே நேரடிக் காரணமான மரணங்கள் 2019இல் மட்டும் உலக அளவில் 12.7 லட்சம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றில் நீர் மாசின் பங்கைத் தனியே பிரித்து எண்ண இயலாது. ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட இயலாது.

ஆலைக் கழிவை ஆலையே தடுக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2024இல் ஆன்டிபயாடிக் தயாரிப்புக் கழிவுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்தைப் பெருமளவில் வாங்கும் அரசுகளும் மருத்துவமனைகளும் விலையோடு கழிவு மேலாண்மையையும் ஒப்பந்த நிபந்தனையாக்கினால்தான் அது ஏட்டோடு நிற்காமல் நடைமுறைக்கு வரும் என்பது என் துணிபு. சுத்திகரிப்பிலும் வழி இருக்கிறது: சுவிட்சர்லாந்து 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, ஓசோன் அல்லது கிளர்வூட்டிய கரியைக் கொண்டு மருந்து எச்சங்களை நீக்கும் கூடுதல் கட்டத்தைச் சுமார் நூறு நிலையங்களில் அமைத்து வருகிறது.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. டைக்ளோஃபெனாக் களிம்பில் மிகச் சிறு பங்குதான் தோல் வழியே இரத்தத்தை அடைகிறது. மிச்சம் கையைக் கழுவும்போதும் குளிக்கும்போதும் சாக்கடைக்குப் போகிறது. தடவிய கையை முதலில் ஒரு காகிதத்தில் துடைத்து, காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவினால், கையிலிருந்து நீரில் கலப்பது வெகுவாகக் குறையும். குளித்தவுடன் தடவுவதும், குளிப்பதற்குச் சற்று முன்பு தடவாதிருப்பதும் நல்லது.

காலாவதியான மருந்துகளைத் திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் உறையிலிருந்து எடுத்து, பயன்படாத மண் போன்ற ஒன்றோடு கலந்து, மூடிய பையில் வைத்துக் குப்பையில் சேருங்கள். ஃபென்டனில் ஒட்டுப்பட்டை போன்ற வலிமையான ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மருந்துகள் இதற்கு விலக்கு. பயன்படுத்திக் கழற்றிய பட்டையில் மீந்திருக்கும் மருந்துகூட ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது என்பதால், திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது அதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துக் கழிப்பறையில் விடும்படியே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூறுகிறது. அங்கே நீரைவிடக் குழந்தையின் உயிரே முதலில் வருகிறது.

எழுதிக் கொடுத்த மருந்தை நீரை எண்ணி யாரும் நிறுத்திவிடக் கூடாது. புதிதாக ஒரு மருந்து தரப்படும்போது முழு மாதத்துக்கும் வாங்காமல் முதலில் சில நாள்களுக்கு மட்டும் வாங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாமல் பாதியில் மாற்றப்படும் மருந்துகளே வீடுகளில் அதிகம் தேங்கிக் கிடக்கின்றன என்பதை எங்கள் பணியில் அடிக்கடி காண்கிறோம். சளிக்கும் ஃபுளூ காய்ச்சலுக்கும் வைரஸ்களே காரணம் என்பதால், அவற்றுக்கு ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.