நுண்ணலை அடுப்பு: சொல்லும் பொருளும் பயன்பாடும்

வீட்டில் இதற்குப் பெயர்கள் பல. ‘மைக்ரோவேவ்’ என்பார்கள், ‘மைக்ரோ அவன்’ என்பார்கள், ‘ஓவன்’ என்று சுருக்கிவிடுபவர்களும் உண்டு. தமிழில் எழுதும்போது நிலைத்துவிட்ட பெயர் நுண்ணலை அடுப்பு. நல்ல சொல். கருவி என்ன செய்கிறது என்பதை இந்த இரண்டு சொற்களே சொல்லிவிடுகின்றன. கையேட்டில் இருக்கும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் ஏன் என்பதும் இந்தப் பெயரைப் புரிந்துகொண்டால் தானாக விளங்கும்.

முதலில் முன்பாதி. கிரேக்கத்தில் ‘மைக்ரோஸ்’ என்றால் சிறியது. 1930களின் தொடக்கத்தில் வானொலிப் பொறியாளர்கள், அதுவரை புழங்கிய அலைகளைவிட நீளம் குறைந்தவற்றை ‘மைக்ரோவேவ்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அளவைக் கணக்கில் மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது இங்கே பொருந்தாது. நம் அடுப்புக்குள் ஓடும் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், அரைச் சாண். ‘சிற்றலை’ என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வானொலியின் ஷார்ட் வேவுக்குப் போய்விட்டது. அந்த அலைகளின் நீளம் 10 மீட்டருக்கு மேல். ஆகவே அதைவிடச் சிறியதற்கு ‘நுண்’. நுண் + அலை = நுண்ணலை; மண் + அடுப்பு மண்ணடுப்பு ஆவது போலத்தான், தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். ‘நுண் அலை’ என்று பிரித்து எழுதத் தேவையில்லை.

பின்பாதியில்தான் சிலருக்குத் தயக்கம். நெருப்பே இல்லாத பெட்டியை அடுப்பு என்று எப்படிச் சொல்வது? தாராளமாகச் சொல்லலாம். அடுப்பு என்ற சொல்லில் நெருப்பு இல்லை, சமையல்தான் இருக்கிறது. அடுதல் என்றால் சமைத்தல். அட்டில், அடிசில், அடுக்களை எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு வறுமையை ‘ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பு’ என்கிறார். சமைப்பதையே மறந்துபோய்க் காளான் பூத்த அடுப்பு. விறகடுப்பு, கரியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, கேஸ் அடுப்பு என்று எரிபொருள் மாற மாற முன்சொல் மட்டும் மாறி வந்திருக்கிறது. அந்த வரிசையில் நுண்ணலை அடுப்பு இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

‘ஓவன்’ என்பதற்கு நேரான சொல் வேறு. சூடான காற்றால் உலர வெதுப்பும் கருவி அது. ஈழத்தில் பாண், அதாவது ரொட்டி, சுடும் அடுப்பைப் போறணை என்பார்கள். பாணைப் போலவே அதுவும் போர்த்துகீசிய வழி வந்தது. பேக்கரிக்கு அங்கே வெதுப்பகம் என்ற அழகான சொல் புழங்குகிறது. அதே வேரில் கேக் சுடும் ஓவனை, அதாவது கடையில் ஓடிஜி என்று கேட்டு வாங்குகிறோமே அதை, ‘வெதுப்பி’ என்று சொல்வது பொருந்தும் என்பது என் கருத்து. நுண்ணலை அடுப்பை வெதுப்பி என்று சொன்னால் தவறு. அது எதையும் வெதுப்புவதில்லை. அதனால்தான் அதில் வைத்த ரொட்டி மொறுமொறுப்பாகாமல் தொளதொளவென்று ஆகிறது.

இந்தக் கருவி போர்க்காலத்து ரேடாரிலிருந்து வந்தது. ரேடாருக்கு வேண்டிய நுண்ணலைகளை உண்டாக்கும் குழல் மேக்னட்ரான். 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், இயங்கிக்கொண்டிருந்த மேக்னட்ரானுக்கு அருகில் நின்றபோது சட்டைப்பையிலிருந்த இனிப்புக்கட்டி உருகியதைக் கவனித்தார். அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1947இல் வந்த முதல் விற்பனை மாடல் ஆள் உயரம், 300 கிலோவுக்கு மேல் எடை. அதன் பெயர் ‘ரேடாரேஞ்ச்’. அமெரிக்க வழக்கில் ரேஞ்ச் என்றால் அடுப்பு. ஆக, அன்றைக்கே அது ‘ரேடார் அடுப்பு’தான். ஜப்பானியர்கள் இன்றும் ‘டென்ஷி ரெஞ்ஜி’, மின்னணு அடுப்பு, என்றே சொல்கிறார்கள். மேடையில் வைக்கும் அளவுக்குச் சிறிய வீட்டு மாடல் 1967இல் வந்தது.

சரி, அலை எப்படிச் சமைக்கிறது? நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின் சாய்வு, மறுபக்கம் எதிர்மின் சாய்வு. அலையின் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை அலைவுறுகிறது. அதனோடு திரும்பித் திரும்பி மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோத, அந்த அசைவே சூடாகிறது. அலை சில சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாக ஊடுருவும். அதற்கு உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் போக வேண்டும். ஓரம் கொதிக்க, நடுவில் ஜில்லென்று இருக்கும் சாம்பாருக்குக் காரணம் இதுதான். தட்டு சுழல்வதும், இடையில் கிளறிவிடச் சொல்வதும், எடுத்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விடச் சொல்வதும் இதற்காகவே. குழந்தைக்குப் பால் காய்ச்சினால் குலுக்கிக் கலந்து, சொட்டு கையில் விட்டுப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

இங்கே இன்னொரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. வெயிலும் விளக்கொளியும் வானொலி அலையும் எல்லாமே கதிர்வீச்சுதான். கதிரியக்கம் என்பது யுரேனியம் போன்றவற்றின் அணுக்கரு சிதைவது. நுண்ணலைக்கு அணுவை அயனியாக்கும், அதாவது அதிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும், ஆற்றல் கிடையாது. உணவில் அது தங்குவதும் இல்லை; சுவிட்சை அணைத்தபின் வெளிச்சம் அறையில் மிச்சம் இருப்பதில்லையே, அது போல. ஆனால் உடம்பில் நேராகப் பட்டால் அதுவும் சூடாகும், ஆகவே அலை வெளியே வரக் கூடாது. கதவுக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஓர் உலோகச் சல்லடை தெரியும். ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒளியலை அதைவிட மிகச் சிறியது, நுழைந்து வருகிறது, உள்ளே சுழலும் தட்டு நமக்குத் தெரிகிறது. 12 சென்டிமீட்டர் அலை அங்கேயே தடைபட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. கதவு கோணியிருந்தாலோ, கீல் ஆடினாலோ, சல்லடை கிழிந்திருந்தாலோ சரிசெய்யும் வரை அந்த அடுப்பைத் தொடாதீர்கள். கதவின் விளிம்பில் ஒட்டும் சோற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அன்றன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

பாத்திர விஷயத்தில்தான் நம் சமையலறைகளில் அதிகம் தடுமாறுகிறோம். இண்டக்ஷன் என்ற தூண்டல் அடுப்பும் இதுவும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதற்குக் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். இதற்குள் உலோகமே போகக் கூடாது. எவர்சில்வர் கிண்ணம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே இருக்கும் குழம்பு சரியாகச் சூடாகாது. கரண்டியின் முனை, அலுமினியத் தாள், பீங்கான் தட்டின் பொன்வரி இவற்றில் பொறி பறக்கும். மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டும் வேண்டாம், அதுவே சூடேறிவிடும். நுண்ணலைக்கு ஏற்றது என்று குறித்த கண்ணாடியும் பீங்கானும் நல்லது. முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும், அவித்த முட்டையும் அப்படித்தான். எதிலும் இறுக்கமாக மூடி போடாதீர்கள். ஒன்றும் வைக்காமல் ஓட்டினால் அலை மேக்னட்ரானுக்கே திரும்பி அதைக் கெடுக்கும்.

தண்ணீரில் ஓர் ஆபத்து உண்டு. வழவழப்பான கோப்பையில் தனியாக வைத்த தண்ணீர் குமிழியே விடாமல் 100 டிகிரியைத் தாண்டிப் போகலாம். பார்த்தால் அமைதியாக இருக்கும். காபித்தூளைப் போட்ட நொடியில் பொங்கிக் கையில் தெறிக்கும். கோப்பையில் ஒரு மரக்கரண்டி போட்டுச் சூடாக்குங்கள், எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. 800 வாட் அடுப்பு என்றால் உணவுக்குப் போவது 800. மின்சாரத்தில் அது இழுப்பது 1,200 வாட்டுக்கு மேல் இருக்கும். ஆகவே எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் கயிறு வேண்டாம். காற்றுத் துளைகளை அடைக்காமல், கையேடு சொல்லும் இடைவெளியை மேலும் பின்னும் பக்கங்களிலும் விடுங்கள். மேலே துணியோ செய்தித்தாளோ விரிக்கக் கூடாது. உள்ளே ஏதாவது தீப்பற்றினால் கதவைத் திறக்காதீர்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள், காற்றில்லாமல் தானே அடங்கும். அப்புறம், பின் மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். உள்ளிருக்கும் மின்தேக்கியில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம்.

கன்வெக்ஷன் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: வெப்பச்சலனம். மழைச் செய்தியில் தினம் கேட்கும் அதே வெப்பச்சலனம்தான், சூடான காற்று சுழல்வது. அந்த முறையில் மட்டும் தகரக் கேக் அச்சை வைக்கலாம். நுண்ணலை முறைக்கு மாற்றியதும் அதை எடுத்துவிட வேண்டும். சமையல் குறிப்பு எழுதுபவர்களும் எந்த முறை, எத்தனை வாட் என்று சேர்த்தே எழுதினால் பெரிய உதவி. 700 வாட்டில் 4 நிமிடம் பிடிப்பது 1,000 வாட்டில் 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.