சிக்னல் இல்லாத மலைப்பள்ளியில் கியூஆர் கணக்கு

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் கோடு அச்சாகி வருகிறது. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் வீடியோ திறக்கும். சேலம் டவுனில் சரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டி மலைக் கிராமங்களுக்குள் போனால், பல இடங்களில் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ‘இதெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது’ என்று சில ஆசிரியர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். லிங்க் திறக்கத்தான் இன்டர்நெட் வேண்டும். கியூஆர் கோடைப் படிக்க அது தேவையில்லை.

1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் இதை உருவாக்கியது வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க. தகவல் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கும். கோடு தயாரிக்கும் தளத்தில் ‘லிங்க்’ என்பதற்குப் பதில் ‘டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து நம் வரியைத் தட்டச்சு செய்தால் போதும்.

என்ன வரி எழுதுவது? இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலரும் விடையை மட்டும் போடுகிறார்கள். அதற்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கமே போதுமே!

மூன்றாம் வகுப்புக்கு நான் கொடுக்கும் ஒரு அட்டை: ‘52 கிலோ மிளகில் 27 கிலோ விற்றாயிற்று. மீதி எவ்வளவு?’ கீழே 25, 35, 79 என்று மூன்று விடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. 35-ஐ ஸ்கேன் செய்தால், ‘7-லிருந்து 2-ஐக் கழித்தாயா? மேலே இருப்பது எது, பார்’ என்று வரும். கடன் வாங்கத் தயங்கும் பிள்ளை பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடும். 35 அப்படி வருவதுதான். 79-ல், ‘விற்ற பிறகு மிளகு கூடுமா?’ 25-ல், ‘சரி! அடுத்த அட்டை தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.’ உடனே ஓட்டம்தான்.

நோட்டில் போட்டுக் காட்டாமல் போன் கைக்கு வராது. இதில் மட்டும் நான் கறார். சரியான விடை வந்த பிறகும் சில பிள்ளைகள் தப்பான கோடுகளை வேண்டுமென்றே ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். தடுக்க வேண்டாம். ‘டீச்சர், இவன் நேத்து இப்படித்தான் போட்டான்’ என்று ஒரு குரல் வரும். தப்பு எங்கே நடக்கிறது என்று பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தமிழ் எழுத்து கோட்டில் அதிக இடம் பிடிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் ‘க’வுக்கு மூன்று, ‘கி’க்கு ஆறு. நீளமாக எழுதினால் கட்டங்கள் பொடிப்பொடியாகி, பழைய போன் திணறும். ஒரு வரியோடு நிறுத்துங்கள். அட்டைக்கு 3 செ.மீ. அளவு போதும், ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டுமென்றால் 10 செ.மீ. வேண்டும். அழகுக்காகச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டி, கலர் பார்டர் ஒட்டுகிறோமே, பாதி கோடுகள் படிக்காமல் போவது அதனால்தான். நான்கு கட்ட அகலமாவது வெள்ளையாக விடுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஊறிக் கறைபடும். கோடு தயாரிக்கும்போது பிழைதிருத்த அளவை ‘எச்’ (H) என்று வைத்தால் சுமார் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் படிக்கும். ஆனால் கட்டங்கள் கூடும். எதுவானாலும் முந்தின நாளே போனை ஏரோபிளேன் மோடில் போட்டுச் சோதித்துவிடுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால் சில ஸ்கேனர் ஆப்கள் முரண்டு பிடிக்கும்.

டீக்கடையில் பார்த்த பழக்கத்தில் ‘ஸ்கேன் பண்ணா காசு போயிடுமா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஸ்கேன் செய்வதால் மட்டும் போகாது, அதன் பிறகு தொகையைப் போட்டு அனுப்பினால்தான் போகும் என்று சொல்லிக்கொடுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் தெரியாத கோடு ஏதாவது லிங்கைக் காட்டினால் திறக்காமல் பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். வகுப்புக்குக் கொடுக்கும் போனில் பணம் அனுப்பும் ஆப் இருந்தால் லாக் போட்டுவிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள். உங்கள் குடும்ப குரூப்பை மூன்றாம் வகுப்பு சத்தமாகப் படித்துக் காட்டும்.