சாவியை அணைத்தாலும் நிற்காத இன்ஜின்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “படகில் இருக்கும் அவுட்போர்டு மோட்டார் சாவியை ஆஃப் பக்கம் திருப்பினாலும் நிற்கவில்லை. ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் கில் சுவிட்ச் கயிற்றைப் பிடுங்கினேன், அப்போதும் ஓடியது. கடைசியில் பேட்டரி சுவிட்சையே அணைத்தேன். அதற்கும் அசையவில்லை. கரண்டே இல்லாமல் அது எப்படி ஓடுகிறது?”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைக்காதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்ய உள்ளே உற்பத்தியாகும் மின்சாரம் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறி, அதை பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரில் உள்ள டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) எரிந்துபோகலாம். பேட்டரியின் பிளஸ், மைனஸ் வயர்களை ஒரு கணம் மாற்றித் தொட்டாலும் அதே கதிதான்.

இனி கேள்விக்கு வருவோம். சிடிஐ வகை இக்னிஷன், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் பொறியாக்கும் அமைப்பு உள்ள அவுட்போர்டுகளில் இரண்டு தனித்தனி மின்சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று பேட்டரியோடு சேர்ந்தது. செல்ஃப் மோட்டார், அதை இயக்கும் சாலினாய்டு, மீட்டர்கள், விளக்குகள் எல்லாம் அந்த 12 வோல்ட் குடும்பம். மற்றொன்று ஸ்பார்க் பிளக்கில் பொறி உண்டாக்குவது. இது பேட்டரியிடம் எதையும் கேட்பதில்லை, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன மோட்டார்களில் பல பேட்டரியே இல்லாமல்தானே ஓடுகின்றன! பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களில் பல பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

மூடியைக் கழற்றினால் மேலே தெரியும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். அதன் உள்விளிம்பில் நிரந்தரக் காந்தங்கள் பதிந்திருக்கும். அதற்கு அடியில், அசையாத தட்டில் செம்புக் கம்பிச் சுருள்கள். காந்தம் சுருளைக் கடந்தால் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது, பள்ளியிலேயே படித்தாயிற்று. இந்தச் சுருள்களில் ஒன்று சார்ஜ் காயில். முடி போன்ற மெல்லிய கம்பியை ஏராளமான சுற்றுகள் சுற்றியிருப்பதால் அதிலிருந்து 200, 300 வோல்ட் வரை வரும். அது ஒரு டயோடு வழியாக சிடிஐ பெட்டிக்குள் இருக்கும், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கண்டென்சரில் போய்ச் சேரும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்து வருவதுதான். கண்டென்சரின் வாசலில் தைரிஸ்டர் என்ற சின்னப் பாகம் ஒன்று மதகுபோல் மூடி நிற்கிறது. ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே வந்து, பிஸ்டன் மேல் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு காந்தம் ட்ரிகர் காயிலைக் கடக்கிறது. அதில் ஓரிரண்டு வோல்ட் துடிப்பு எழுகிறது. தைரிஸ்டர் திறக்க அதுவே போதும். தேங்கியிருந்த மின்சாரம் முழுவதும் இக்னிஷன் காயிலின் முதல் சுருளில் பாய்கிறது. இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. கண்டென்சர் காலியானதும் தைரிஸ்டர் தானாக மூடிக்கொள்ளும், அடுத்த சேமிப்பு தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில், ஒரு சிலிண்டருக்கு மட்டும் இது நொடிக்கு 83 தடவை நடக்கிறது. ஒரு சுற்றுக்கு 12 மில்லி நொடிதான் அவகாசம்.

இதில் சேமிக்கப்படும் ஆற்றல் ரொம்பச் சொற்பம். ஒரு மைக்ரோஃபாரட் கண்டென்சரில் 300 வோல்ட் என்றால் 45 மில்லிஜூல். 10 வாட் விளக்கு ஒன்று அதை வைத்துக்கொண்டு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம்கூட எரியாது. ஆனால் அந்தச் சொற்பம் அத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் வெளியேறுகிறது, அதில்தான் சூட்சுமமே. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் பிளக்கின் பீங்கான் மேல் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். வோல்டேஜ் மெதுவாக ஏறினால் கரி வழியாகவே கசிந்து வீணாகிவிடும், பொறி வராது. சிடிஐயில் கசிவுக்கு நேரமே கிடைப்பதில்லை. அதற்குள் பொறி பாய்ந்துவிடுகிறது. அழுக்கேறிய பிளக்கோடும் இந்த மோட்டார்கள் ஓடுவது இதனால்தான். ஒரு கண்டென்சரும் சில சுருள்களும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துபோகிறது.

சரி, தானே மின்சாரம் செய்து தானே ஓடும் இதை நிறுத்துவது எப்படி? சார்ஜ் காயிலில் பிறக்கும் மின்சாரத்தைக் கண்டென்சருக்குப் போகவிடாமல் எர்த்துக்கு, அதாவது இன்ஜின் உடம்புக்கு, திருப்பிவிட வேண்டும். சிடிஐ பெட்டியிலிருந்து கிளம்பும் ஸ்டாப் வயர் இதற்காகத்தான். சாவியை ஆஃப் செய்தால் அந்த வயர் எர்த்தோடு சேர்கிறது. கில் சுவிட்ச் கயிறு கழன்றாலும் சேர்கிறது. வீட்டு விளக்கில் சுவிட்சை அணைத்தால் தொடர்பு அறும். இங்கே அணைத்தால் தொடர்பு உண்டாகும். இந்தத் தலைகீழ் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பழுதுகள் தாமாகவே விளங்கிவிடும்.

வாசகரின் மோட்டாரில் அந்த ஸ்டாப் வயர் எங்கோ அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், அல்லது சுவிட்சின் எர்த் போயிருக்கலாம். சாவி, கயிறு இரண்டுமே வேலை செய்யாததால் இரண்டுக்கும் பொதுவான வழியில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். யமஹாவில் பொதுவாக ஸ்டாப் வயர் வெள்ளை. மெர்குரி, எவின்ரூட் மோட்டார்களில் மஞ்சள் கோடு போட்ட கருப்பு. சரிசெய்யும் வரை படகை எடுக்க வேண்டாம். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தாலும் இன்ஜின் நிற்காது, புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போதைக்கு நிறுத்த வேண்டுமானால் காற்று வழியை அடைக்கும் சோக்கை முழுசாக இழுங்கள், அல்லது பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

இதே வயர் உரசி, தோல் கிழிந்து, இன்ஜின் உடம்பில் பட்டால் நேரெதிர் பழுது வரும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், பொறி மட்டும் வராது. பலர் உடனே பிளக்கை மாற்றுகிறார்கள், காயிலை மாற்றுகிறார்கள், கடைசியில் விலை உயர்ந்த சிடிஐ பெட்டியையும் மாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் ஸ்டாப் வயரை சிடிஐ பெட்டி ஓரத்தில் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் டெஸ்டரோடு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் பெட்டி நன்றாக இருக்கிறது, குற்றம் சாவி அல்லது கில் சுவிட்ச் பக்கம். கழற்றிய நிலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சோக்காலோ பெட்ரோல் குழாயைக் கழற்றியோதான் நிறுத்த முடியும் என்பது ஞாபகம் இருக்கட்டும். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்ப்பதும் கூடாது. அப்புறம் இன்னொன்று, சிடிஐயின் துடிப்புகள் மிகக் குறுகியவை. சாதாரண மல்டிமீட்டர் அவற்றின் உச்சத்தைப் பிடிக்காது. அதற்கென்று உச்ச வோல்டேஜ் அடாப்டர் இருக்கிறது. அது இல்லாமல் அளந்துவிட்டு “காயில் செத்துவிட்டது” என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்று. ஒவ்வொரு மோட்டாரின் மூடிக்கு உள்பக்கமும் அதன் வயரிங் படத்தை அழியாத மையில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். கரையிலிருந்து தூரத்தில் நிற்பவருக்கு சர்வீஸ் புத்தகம் கையில் இருக்காது. ஒரு தாள் செலவில் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றலாம் என்றால் அதைச் செய்யாமலிருக்க என்ன நியாயம் இருக்கிறது?

பேட்டரிப் பக்கம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். சத்தமே இல்லையென்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஃப்யூஸ் சரியா என்று பாருங்கள், முடிந்தது. ‘டிக்’ வந்தால் யோசிக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் சுலபமாக 150 ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ வெறும் 0.02 ஓம் தடை இருந்தால் 0.02 × 150 = 3 வோல்ட் அங்கேயே தொலையும். சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்தால் மின்னோட்டமே இல்லாததால் இந்த இழப்பு தெரியவே தெரியாது.

ஆகவே சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றிவிட்டால் இந்த வகை மோட்டார்கள் பலவற்றில் செல்ஃப் சுற்றும், பொறி வராது. சோதனைக்கு அது வசதி. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ் குமிழில், கவ்வியில் அல்ல, குமிழிலேயே இருக்கட்டும். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் திருகில். இன்னொருவர் சாவியைத் திருப்பும்போது காட்டும் அளவுதான் வழியில் தொலையும் வோல்டேஜ். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் கோளாறு. மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே அதேபோல் அளக்க வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

குற்றவாளி பெரும்பாலும் செம்பில் பிடிக்கும் களிம்புதான். உப்புத் தண்ணீர் வயர் நுனியில் பட்டதும், இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள் அதை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே பிளாஸ்டிக் புதுசுபோல இருக்கும். நுனியை வளைத்தால் சொரசொரவென்று நொறுங்கும். தோலை உரித்தால் இழைகள் கறுத்துப்போய், ஓரங்களில் பச்சைப் பொடி. நுனியை மட்டும் சுரண்டிவிட்டு மாட்டினால் பயனில்லை, செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் போதாவிட்டால் ஈயம் பூசிய செம்பு இழை வயரைப் புதிதாகப் போடுங்கள். வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை அதற்குரிய கருவியால் நெரித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயை மாட்டிச் சூடு காட்டுங்கள். இரு ஓரத்திலும் பசை பிதுங்கி வந்தால் தண்ணீர் உள்ளே போகாது.