பராதீனமும் அந்நியமாதலும்

பழைய கிரயப் பத்திரங்களில் ‘வில்லங்கம்’, ‘பராதீனம்’ என்ற சொற்கள் கண்ணில் படும். சொத்தை இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுவதுதான் பராதீனம். இலங்கையின் காணிச் சட்டங்களிலும் இச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் இது ஏலியனேஷன். ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதே ‘இது நம்ம இடமில்லை’ என்று தோன்றுகிறதே, அதற்கும் அதே ஏலியனேஷன்தான்.

லத்தீனில் ‘அலியுஸ்’ என்றால் மற்றது; ‘அலியேனுஸ்’ என்றால் பிறருக்கு உரியது. நம்முடையதாக இருந்தது பிறருடையதாகிப் போவதே இரண்டு பொருளுக்கும் அடி.

இதை வேலையோடு முடிச்சுப் போட்டவர் கார்ல் மார்க்ஸ். 1844இல் பாரிசில் எழுதிய குறிப்புகளில் இதை ஜெர்மனில் ‘என்ட்ஃப்ரெம்டுங்’ என்கிறார். அதிலுள்ள ‘ஃப்ரெம்ட்’ நம் ‘அந்நிய’தான். அவை முழுதாக அச்சேறியது 1932இல். செய்த பொருள், செய்யும் வேலை, மனித இயல்பு, சக மனிதர் ஆகிய நான்கிலிருந்தும் தொழிலாளி அந்நியமாகிறார் என்பது அவர் வாதம். திருப்பூரில் நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் தோள்பட்டை மட்டும் மூட்டுகிறவருக்கு முதல் இரண்டையும் விளக்க வேண்டியதில்லை. பனியனை யார் போடப்போகிறார் என்று தெரியாது. பீஸ் கணக்கு தெரியும்.

1964இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பிளானர் நான்கு தொழில்களை ஒப்பிட்டார். அச்சுத் தொழிலாளரிடம் இந்த அந்நியமாதல் குறைவு, கார் ஆலை வரிசையில் நிற்பவரிடம் மிக அதிகம். வேகத்தைத் தானே தீர்மானிப்பவருக்கும், நகரும் வரிசைக்கு ஈடுகொடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம்.

இதை மன அழுத்தம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், தவறு. அறுவடைக்கு முன் மேகம் கறுத்தால் விவசாயிக்கு அழுத்தம் உண்டு. ஆனால் வயல் அவருடையது. யாருக்குப் பதவி உயர்வு என்று முன்பே முடிவுசெய்துவிட்டு, அப்புறம் கூப்பிட்டுக் கருத்து கேட்பார்களே, அப்போது வருவது வேறு. வேலைப்பளு குறைந்தாலும் அது குறையாது.

சரி, தமிழில்? ‘அந்நியமாதல்’ நிலைத்துவிட்டது, ‘அன்ய’ என்ற வடசொல் வழி வந்தது. ‘அயன்மை’ தூய தமிழ்தான், ஆனால் அயல்வீடு என்றால் பக்கத்து வீடாயிற்றே! குறளில் அயலாரைக் குறிக்கும் ‘ஏதிலார்’ எனக்குப் பிடித்த சொல். அதன் உறவான ‘ஏதிலி’ இன்று அகதியைக் குறிக்கப் போய்விட்டது. கட்டுரைக்கு அந்நியமாதல் போதும். பேச்சுக்கு ‘ஒட்டாமை’. ஊழியரிடம் ‘அந்நியமாதலை உணர்கிறீர்களா’ என்று படிவம் நீட்டினால் விழிப்பார். ‘வேலையில மனசு ஒட்டுதா’ என்று கேட்டால் பதில் வரும்.