சொல் விளக்கம்: அந்நிய நேரடி முதலீடு

‘அந்நிய முதலீடு குவிந்தது’ என்று செய்தித்தாளில் பார்த்தால், குவிந்தது எந்தப் பணம் என்றுதான் முதலில் தேடுவேன். மும்பைப் பங்குச்சந்தைக்கு வந்ததா, இருங்காட்டுக்கோட்டை கார் ஆலை மாதிரி ஒன்றைக் கட்ட வந்ததா? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். ‘நேரடி’ என்ற நடுச்சொல் விழுந்துவிடுவதால் வரும் குழப்பம் இது.

கடைசிச் சொல்லை முதலில் பார்ப்போம். முதல் + ஈடு = முதலீடு. கெடு என்பது கேடு ஆவதுபோல, இடு என்பது நீண்டு ஈடு ஆகிறது. கடைத்தெருவில் ‘முதல் போடுறது’ என்கிறோமே, அதேதான். ‘முதல்’ பழைய சொல்தான், ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்கிறது குறள்.

நேரடி என்றால்? ஒரு மளிகைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பங்குக்குப் பணம் தந்துவிட்டு வீட்டில் இருப்பார். பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்னொருவர் பணமும் போட்டு, கல்லாவிலும் வந்து உட்காருவார். சரக்கு எங்கே எடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்பதில் எல்லாம் அவர் பேச்சு செல்லும். இவர் போடுவது நேரடி முதலீடு. இந்திய விதி இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனத்தில் வெளிநாட்டவர் பங்கு 10 சதவீதத்தைத் தொட்டால் நேரடி முதலீடு. பட்டியலில் இல்லாத நிறுவனம் என்றால் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நேரடிதான்.

அரசின் கொள்கையும் பெரும்பாலும் இந்தக் கல்லாவைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பல துறைகளில் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. கோகோ கோலா 1977-இல் வெளியேறியது. 1991 ஜூலையில் வந்த தொழில் கொள்கை, முன்னுரிமைத் துறைகளில் 51 சதவீதம் வரை தானியங்கி அனுமதி, அதாவது அரசு ஒவ்வொன்றாகப் பரிசீலிக்காமலே கிடைக்கும் அனுமதி, தந்தது. 40, 51 என்ற எண்களைக் கவனியுங்கள். பாதிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கல்லா கைமாறும் இடம் அது. காப்பீட்டில் இந்த வரம்பு 26-இல் தொடங்கி, 2015-இல் 49, 2021-இல் 74 என்று ஏறியது. லாட்டரி, சூதாட்டம், சீட்டு நிறுவனங்களுக்குக் கதவு மூடியே இருந்தது.

அப்புறம் ‘அந்நிய’. ‘வேறு’ என்று பொருள்படும் ‘அன்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அன்னியம் என்றும் எழுதுவார்கள். அந்நியத் துணி, அந்நியர் ஆட்சி என்று விடுதலைப் போராட்டக் காலத்தில் புழங்கிய சூடு இன்னும் அதில் ஆறவில்லை. கொள்கையை எடைபோடும் முன்பே சொல் ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது.

தமிழில் ‘அயல்நாட்டு’, ‘வெளிநாட்டு’ இரண்டும் உண்டு. அயல் அழகான சொல். ஆனால் அதற்குப் பக்கம் என்ற பொருளும் இருக்கிறது, அயல்வீடு என்பதுபோல. 2020 ஏப்ரலில், இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்று விதி வந்தது. அந்தச் செய்தியில் ‘அயல்நாட்டு முதலீடு’ என்று எழுதினால் அண்டை நாடா, எல்லா நாடுமா என்று வாசகர் திணறுவார். அதனால் பொதுவாக ‘வெளிநாட்டு நேரடி முதலீடு’ என்றும், அந்த விதியைப் பற்றிச் சொல்லும்போது ‘அண்டை நாட்டு நேரடி முதலீடு’ என்றும் எழுதுகிறேன்.