நத்தை எந்தப் பக்கம் சுழலும்? அம்மாவைக் கேளுங்கள்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வலம்புரிச் சங்கு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அபூர்வமாகத்தான் கிடைக்குமாம். ஏதோ சக்தி இருப்பதால்தானே மற்றச் சங்குகளுக்கு எதிர்ப்பக்கம் சுழல்கிறது?"

முதலில் வாங்குகிற விஷயம். புளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரைகளில் ஒரு வகைக் கடல்நத்தை உண்டு. அதில் அநேகமாக எல்லாமே வலம்புரியின் பக்கம்தான் சுழலும். அதை மெருகேற்றி இங்கே வலம்புரி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கரையில் சாதாரணமாகக் கிடப்பது இங்கே வந்ததும் அதிர்ஷ்டம் தரும் என்றால், அந்த அதிர்ஷ்டம் விற்பவருக்குத்தான்.

சரி, சுழற்சிக்கு வருவோம். சங்கும் ஒரு கடல்நத்தையின் ஓடுதான். அதைப் புரிந்துகொள்ள பசிபிக் கடலில், டஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா தீவுக்குப் போக வேண்டும். அங்கே மர இலைகளில் வாழ்ந்த இரண்டு சென்டிமீட்டர் நத்தை, பார்ட்டுலா சுட்டுராலிஸ். சில பள்ளத்தாக்குகளில் எல்லாம் வலச்சுழி, சிலவற்றில் எல்லாம் இடச்சுழி, நடுவில் குறுகிய எல்லையில் மட்டும் இரண்டும் கலந்திருக்கும். சுருள் தொடங்கும் கூர்முனை மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி பிடித்தால் வாய் வலப்பக்கம் வருவது வலச்சுழி. (நம் வலம்புரியை இப்படிப் பிடித்தால் அது இடச்சுழி. பூசையில் கூர்முனையைக் கீழே வைத்துப் பிடிப்பதால் வந்த வித்தியாசம் இது.)

நத்தையின் கரு ஒரு செல், இரண்டு, நான்கு என்று பிரிகிறது. நான்கு எட்டாகும்போதுதான் வேடிக்கை. மேலே உருவாகும் நான்கு சிறிய செல்கள், கீழே உள்ள பெரிய செல்களின் உச்சியில் நேராக உட்காராமல், கொஞ்சம் திருகி இடுக்குகளில் போய் உட்காருகின்றன. கடிகாரத் திசையில் திருகினால் வலச்சுழி, எதிர்த் திசையில் திருகினால் இடச்சுழி. ஓடு மட்டுமல்ல, உள்ளுறுப்புகளும் அந்தக் கணக்கில்தான் அமையும்.

இந்தத் திருகலை முடிவு செய்வது கருவின் சொந்த மரபணு இல்லை. அந்த நேரத்தில் அது இன்னும் வேலையே தொடங்கியிருக்காது. அம்மா முட்டைக்குள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான், அதாவது அவள் மரபணுக்களின்படி தயாரான புரதங்கள்தான், அதுவரை கருவை ஓட்டுகின்றன. அப்பாவின் மரபணு உள்ளே வந்திருந்தாலும் இந்த விஷயத்தில் அதற்குப் பேச்சுரிமை இல்லை.

பள்ளியில் படித்த மெண்டலின் பட்டாணியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். லிம்னேயா என்ற குளத்து நத்தையில் வலம் ஓங்கு பண்பு, இடம் ஒடுங்கு பண்பு. ஒரு நத்தைக்கு இரண்டு மரபணுவும் 'இடம்'. ஆனால் அதன் அம்மாவிடம் ஒரு 'வலம்' இருந்தது. அப்படியானால் இதன் ஓடு வலச்சுழிதான். இது இடும் முட்டைகளிலிருந்து வருவது அத்தனையும், அப்பா யாராக இருந்தாலும், இடச்சுழி! ஓட்டைப் பார்த்து ஒரு நத்தையின் மரபணுவைச் சொல்லிவிட முடியாது, அதன் அம்மாவினுடையதைத்தான் ஊகிக்கலாம்.

2009இல் ஜப்பானின் ரெய்கோ குரோடா குழு, லிம்னேயா கருவின் அந்த நான்கு செல்களை நுண்ணிய கண்ணாடிக் குச்சியால் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற நத்தைகள் வளர்ந்தன. நல்ல ஆரோக்கியம், முட்டைகளும் இட்டன. அவற்றிலிருந்து வந்த குட்டிகளோ பழைய திசைக்கே திரும்பிவிட்டன. குச்சியால் தள்ளினால் மரபணு மாறாதல்லவா? 2019இல் இதே குழு மரபணுவையே வெட்டி முடக்கியது. முற்றிலும் முடங்கிய நத்தைகள் வலச்சுழியாகவே இருக்க, அவற்றின் வாரிசுகள் இடச்சுழியாக வந்தன. இந்தச் சோதனையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எதிர்ச்சுழி நத்தைக்கு ஒரு சங்கடம் உண்டு. இனப்பெருக்கத் துவாரம் தலைக்குப் பக்கத்தில், சுழற்சிக்கு ஏற்ற பக்கத்தில் இருக்கும். வலமும் இடமும் இணைய முயன்றால் பெரும்பாலும் சரிப்படாது. அப்படியானால் கூட்டத்தில் தனியாகப் பிறக்கும் எதிர்ச்சுழி எப்படிப் பிழைக்கும்? மரபணு மாறிய நத்தையில் தெரியாமல் அதன் வாரிசுகளில் தெரிகிற அம்மா வழித் தாமதம்தான் காப்பாற்றுகிறது. ஒரே தாய்க்குப் பிறப்பவை எல்லாமே எதிர்ச்சுழியாக வருகின்றன. ஆள்தொகை குறைந்த தீவுப் பள்ளத்தாக்கில் அது போதும். மூரியாவில் நெருங்கிய வேறு பார்ட்டுலா இனத்தோடு சேர்ந்து வாழ்ந்த இடங்களில், சுட்டுராலிஸ் அந்த இனத்துக்கு எதிர்ப்பக்கம் சுழன்றது. தவறான ஜோடியைத் தவிர்க்க அது நல்ல வேலி.

இந்த நத்தைகளை அமெரிக்க உயிரியலாளர் ஹென்றி கிராம்ப்டன் அலைந்து அளந்து 1932இல் மூரியாவுக்கென்றே ஒரு நூல் போட்டார். 1960களிலிருந்து பிரையன் கிளார்க், ஜேம்ஸ் மரே போன்றவர்கள் தொடர்ந்தார்கள். அப்புறம் பயிரைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்கிறோம் என்று, 1977இல் மூரியாவில் யூக்லாண்டினா என்ற கொலைகார நத்தையை அதிகாரபூர்வமாகவே இறக்கிவிட்டார்கள். ராட்சதனை விட்டுவிட்டு அது பார்ட்டுலாக்களைத் தின்றது. பத்து வருடத்தில் தீவின் ஏழு பார்ட்டுலா இனங்களும் காட்டிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டன.

நத்தை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள், போதிய சோதனை இல்லாமல் ஒரு பிராணியைத் தீவில் இறக்கியதன் செலவையும் கணக்குப் போடட்டும். இன்னொன்று: நத்தையின் சுழற்சியை முடிவு செய்யும் அதே வகைப் புரதத்தின் அளவைத் தவளைக் கருவில் மாற்றியபோது சிலவற்றுக்கு இதயம் திசை மாறி அமைந்தது. நம் இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதற்கான காரணத்தைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய துப்பு.

ஆராய்ச்சியாளர்கள் கையோடு எடுத்துப்போன நத்தைகள் விலங்கியல் பூங்காக்களில் பெருகின. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி, அதுவும் ஓட்டோடு பிறக்கும் பிராணி என்பதால் மெதுவாகத்தான். 2015இலிருந்து அவற்றைத் தீவுகளில் விடுகிறார்கள். விடுவதற்கு முன் ஓட்டில் ஒரு சொட்டு வண்ணம் வைப்பார்கள். வண்ணம் இல்லாத வளர்ந்த நத்தை கண்ணில் பட்டால், அது காட்டிலேயே பிறந்தது என்று அர்த்தம். மூரியாவின் பார்ட்டுலா தொஹிவியானா இனத்தில் அப்படிச் சில கிடைத்திருப்பதை 2024இல் அறிவித்தார்கள்.