போனஃபைடு சர்டிபிகேட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வேற்றுமை

ஸ்கூல்ல போனஃபைடு சர்டிபிகேட் வாங்காதவங்க யாராவது இருக்கீங்களா? அது லத்தீன். போனா ஃபிதே, 'நல்ல நம்பிக்கையோட'. அந்த 'ஓட'வுக்கு தனியா ஒரு வார்த்தை கிடையாது, விகுதியே அதை சொல்லிடுது, அதுதான் அப்லேட்டிவ்ங்கிற வேற்றுமை. கோர்ட் நியூஸ்ல வர்ற சுவோ மோட்டுவும், அதாவது 'தானா முன்வந்து', இதே வேற்றுமைதான்.

நான் ஆன்லைன்ல லத்தீன் சொல்லித்தரேன், வர்றவங்கள்ல லா படிக்கிற பசங்க நிறைய. முக்கால்வாசிப் பேர் அப்லேட்டிவ்னா 'இருந்து'ன்னு மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க, அப்புறம் ரெண்டாவது பக்கத்துலயே முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. விஷயம் என்னன்னா ஆதியில நீங்கல், கருவி, இடம்னு மூணு தனித்தனி வேற்றுமையா இருந்தது லத்தீன்ல ஒரே உருவமா கலந்துபோச்சு. கிரேக்கத்துல இப்படி ஒரு வேற்றுமையே இல்லாததால பழைய ரோமானிய அறிஞர் வாரோ இதை ஆறாவது வேற்றுமை, லத்தீனுக்கே உரியதுன்னு சொன்னார்.

நம்ம தமிழ் இலக்கணக் கணக்குல சொன்னா மூணாம், அஞ்சாம், ஏழாம் வேற்றுமை மூணும் ஒரே சட்டைக்குள்ள. கிளாதியோன்னா வாளால, ரோமான்னா ரோம்ல இருந்து, ஹியெமேன்னா குளிர்காலத்துல. இங்கிலீஷ் புக்ல இதுக்கு இருபது பேர் வெச்சு லிஸ்ட் போட்டிருப்பான், எனக்கு அந்த லிஸ்ட்டைப் பார்த்தாலே எரிச்சல். மெல்லே துல்கியோர், 'தேனைவிட இனிப்பானது', இதுக்கு தனிப் பேர் எதுக்கு, 'காக்கையிற் கரிது களாம்பழம்'னு நம்ம அஞ்சாம் வேற்றுமையில படிச்சதுதானே! 'கல்வியிற் பெரியன் கம்பன்' தெரிஞ்சவனுக்கு நாதூ மாயோர், அதாவது 'வயசுல பெரியவன்', கஷ்டமே இல்ல.

ஆனா நம்ம தமிழே காலை வாரிவிடுற இடமும் ஒண்ணு இருக்கு. நாம கத்தியாலன்னும் சொல்வோம், புரூட்டஸாலன்னும் சொல்வோம், ரெண்டுக்கும் ஒரே ஆல். அதே பழக்கத்துல சீசர் புரூட்டஸால கொல்லப்பட்டார்னு எழுதறப்போ வெறும் புரூதோன்னு போட்டுடறாங்க. லத்தீன் தெரிஞ்சவன் காதுக்கு யாரோ புரூட்டஸைத் தூக்கி சீசரை அடிச்ச மாதிரி கேக்கும். செஞ்சது ஆள்னா முன்னாடி ஆ அல்லது ஆப் வரணும், ஆ புரூதோ. பொருளுக்கு அது வேண்டாம். என்கிட்ட வர்ற கட்டுரைகள்ல நான் அதிகமா சிவப்பு மை போடற இடம் இதுதான்.

இன்னொண்ணு, ரோஸான்னு அச்சுல பார்த்தா அது எழுவாயா அப்லேட்டிவான்னு பல நேரம் தெரியாது, ஏன்னா வித்தியாசம் கடைசி உயிரோட நீளத்துல இருக்கு, சாதாரண புக்ல நெடிலைக் காட்டற மேல்கோடு போடமாட்டாங்க. அதனால நோட்ல தமிழ் எழுத்துலயும் எழுதச் சொல்வேன். ரோஸ, ரோஸா. குறிலும் நெடிலும் அங்கேயே பிரிஞ்சிடும்.

அப்புறம் எல்லாரும் பயப்படற அப்லேட்டிவ் அப்சல்யூட், அதாவது முக்கிய வாக்கியத்தோட ஒட்டாம அப்லேட்டிவ்ல தனியா நிக்கிற சொற்றொடர். உர்பே காப்தா. இங்கிலீஷ்ல இதைப் பெயர்க்கறதுக்குள்ள வாக்கியம் நொண்டும், நமக்கு 'ஊர் பிடிபட்டதும்', முடிஞ்சுது. யார் பிடிச்சான்னு லத்தீனும் சொல்லல, தமிழும் சொல்லல. தினமும் வாயில வர்ற வைஸ் வெர்ஸாகூட இதே அமைப்புதான், 'முறை மாறின நிலையில'.